கழுத்து வலியா? தோள்பட்டையைக் கவனியுங்கள்

தீராத கழுத்து வலி உள்ளவர்கள் கழுத்தையேதான் பிடித்து அமுக்கிக்கொண்டிருப்போம். ஆனால் முதுகின் மேல்பக்கம் முக்கோணமாக இருக்கும் தோள்பட்டை எலும்பிலிருந்து கழுத்தின் முதல் 4 முள்ளெலும்புகள் வரை ஒரு தசை போகிறது. கம்ப்யூட்டர் முன் மணிக்கணக்கில் கூன் போட்டு உட்கார்ந்தால் அது இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். கைகள் தொடைமேல் இருக்கட்டும். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே ஒரு பென்சிலைப் பிடிப்பதுபோல, பின்னாலும் கொஞ்சம் கீழேயும் நெருக்குங்கள். 5 விநாடி வைத்துத் தளர்த்துங்கள். 10 முறை போதும். தோள் காதை நோக்கி ஏறினால் தப்பு. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், கண்ணாடி முன் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மூச்சை அடக்க வேண்டாம்.

பழகிவிட்டால், சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மடக்கிய கைகளைச் சுவரோடு ஒட்டியபடியே மெதுவாக ஏற்றி இறக்கலாம்.

லேசான இழுவை இருந்தால் பரவாயில்லை. கை மரத்துப்போகிறது, பிடி தளர்கிறது, அடிபட்ட பிறகு வந்த வலி என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். அப்புறம், இரண்டு நாளில் பலனை எதிர்பார்க்காதீர்கள். சில வாரம் பிடிக்கும்.