மோட்டாரைச் சுழற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மின்ஸ்கூட்டர் மோட்டார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சைக்கிளிலோ சிறு காற்றாலையிலோ பூட்டி 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வழி கேட்டு ஆண்டுதோறும் மாணவர்கள் வருகிறார்கள். இந்த வேலையில் இறங்கிய புதிதில் எங்களுக்கு நேர்ந்த பிழைகளே அவர்களுக்கும் நேர்கின்றன. பிளஸ், மைனஸை மாற்றி இணைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

வாட்டை மட்டும் பார்த்து மோட்டார் வாங்குதல்

நிரந்தரக் காந்த டிசி மோட்டார் தரும் மின்னழுத்தம் அது சுழலும் வேகத்தைப் பொறுத்தது. 24 வோல்ட், 250 வாட், நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்று என்று எழுதியிருக்கும் ஸ்கூட்டர் மோட்டாரிலிருந்து, 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றத் தேவையான 14.5 வோல்ட்டைப் பெற, அதை ஏறக்குறைய 2,000 சுற்று வேகத்தில் ஓட்ட வேண்டும். சைக்கிளின் பின்சக்கர ரிம்மிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் புல்லிக்கு பெல்ட் போட்டால், செயின் பற்சக்கரங்களின் விகிதத்தையும் சேர்த்து, பெடலின் ஒரு சுற்றுக்கு மோட்டார் சுமார் 27 சுற்று சுழலும். அப்படியானால் நிமிடத்துக்கு 75 முறை மிதிக்க வேண்டும், அது சாத்தியமே. அதே மோட்டாரைக் காற்றாலை இறக்கையின் அச்சில் நேரடியாகப் பொருத்தினால் அந்த வேகம் கிடைக்காது. ஆகவே குறைந்த சுற்றில் அதிக வோல்ட் தரும் மோட்டாரைத் தேடுங்கள். வாட்டை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

சாதாரண சீலிங் ஃபேன் மோட்டார்

அதில் நிரந்தரக் காந்தம் இல்லை; விட்டுவிடுங்கள்.

மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டை நம்புதல்

பேட்டரியை இணைக்காமல் அளக்கும்போது 14 வோல்ட் தெரிவதால் சார்ஜ் ஏறிவிடும் என்று முடிவு கட்ட முடியாது. மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் மோட்டார் கனக்கும், வேகம் குறையும், சுருளின் மின்தடையும், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடும் தம் பங்கு வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். பேட்டரியோடு தொடரில் அம்மீட்டரை வைத்து, எத்தனை ஆம்பியர் உள்ளே போகிறது என்று பாருங்கள்.

சோலார் கன்ட்ரோலரைக் காற்றாலையில் மாட்டுதல்

பொறுமை இழக்கச் செய்யும் தவறு இதுதான், பணத்தையும் இதுவே அதிகம் விழுங்குகிறது. பேட்டரிக்கு அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமல் காக்கும் கருவிதான் சார்ஜ் கன்ட்ரோலர். விலை குறைந்த சோலார் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை, பேட்டரி நிறைந்ததும் பலகையின் இணைப்பைத் துண்டித்துவிடும். சோலார் பலகைக்கு அதனால் கேடு எதுவும் இல்லை; 12 வோல்ட் பலகையின் இணைப்பைத் துண்டித்தாலும் அதன் மின்னழுத்தம் 22 வோல்ட்டைச் சுற்றியே நின்றுவிடும். காற்றாலையில் நடப்பது வேறு. பேட்டரிக்குப் பாயும் மின்னோட்டமே இறக்கையைப் பிடித்து நிறுத்தும் பிரேக். அதைத் துண்டித்த கணத்தில் இறக்கை கட்டறுத்து ஓடும், வேகத்தோடு மின்னழுத்தமும் ஏறும்.

ஒரு கல்லூரியின் மொட்டை மாடியில் மாணவர்கள் இப்படித்தான் பூட்டியிருந்தார்கள். "சோலார், காற்றாலை எல்லாத்துக்கும் ஆகும் தம்பி" என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம். பிற்பகலுக்குள் பேட்டரி நிறைந்துவிட்டது. மாலையில் காற்று வலுத்ததும் கன்ட்ரோலர் துண்டிக்க, இறக்கையின் ஓசை கீச்சொலியாக மாறி, ஓர் இறக்கை முறிந்து கைப்பிடிச் சுவருக்கு அப்பால் போய் விழுந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றியபோது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட்டின் கறுப்பு உறை பிளந்திருந்தது, அருகிலிருந்த மின்தேக்கியின் தலை உப்பியிருந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் "சரக்கு மட்டம்" என்று சொல்லி, அதே வகையில் விலை கூடிய ஒன்றை வாங்கி மாட்டியதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தரம் குறைந்ததால் அது எரியவில்லை, தனக்குரியதல்லாத இடத்தில் வைக்கப்பட்டதால் எரிந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஜெனரேட்டரையும் பேட்டரியையும் ஓடும்போது ஒருநாளும் பிரிக்காமல், பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொடும்போது மிகுதி மின்சாரத்தை வேறொரு சுமைக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலரை வையுங்கள். காரின் 55 வாட் ஹாலஜன் பல்பு ஒன்று ஏறக்குறைய நான்கரை ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். உங்கள் மோட்டார் தரக்கூடிய உச்ச மின்னோட்டத்துக்கு ஏற்ப எத்தனை பல்பு தேவை என்று கணக்கிடுங்கள். பேட்டரியைக் கழற்ற வேண்டிய நாளில் முதலில் இறக்கையை நிறுத்துங்கள். காற்று தணிந்திருக்கும் வேளையில் மோட்டாரின் இரு முனைகளையும் ஒரு சுவிட்சால் குறுக்கிணைத்தால் இறக்கை மெல்ல நகருமே தவிர வேகமெடுக்காது.

டையோடு போடாமல் இணைத்தல்

வேகம் குறைந்ததும் பேட்டரியே மோட்டாரை ஓட்டிக் காலியாகிவிடும். டையோடைப் போடாமல் இணைக்காதீர்கள்.

சிறிய பேட்டரியில் பெரிய மின்னோட்டம்

7 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரிக்கு ஓர் ஆம்பியர் அளவில் ஏற்றுவதே அதன் ஆயுளுக்கு நல்லது; பத்து ஆம்பியரைத் திணித்தால் அது சூடாகி ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் நான்கு விழுக்காட்டை எட்டினாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு அது, டிசி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ எப்போதும் பொறி விட்டுக்கொண்டிருப்பது. இரண்டையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள்.