பால்கன் நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

யூகோஸ்லாவியா என்று ஒரே நாடாக இருந்தது 1991இல் உடைய ஆரம்பித்து, இன்று ஏழு நாடுகளாக நிற்கிறது. கொசோவோவை நாடாக ஏற்காதவர்கள் கணக்கில் ஆறு. வரைபடத்தைப் பார்த்தால் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. காலையில் குரோஷியாவின் டுப்ரோவ்னிக், மதியம் போஸ்னியாவின் மோஸ்தார், இரவு போஸ்னியத் தலைநகர் சரயேவோ என்று திட்டம் போடத் தோன்றும். "ஒரே நாடாத்தானே இருந்துச்சு" என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது ஊர்களெல்லாம் அமைதியாகத்தான் இருக்கின்றன. சரயேவோவில் நள்ளிரவில் தனியாக நடந்து போகலாம். ஆனால் 1990களில் நாடு உடைந்தபோது நடந்த போர் கிழித்த கோடுகள் இன்னும் அழியவில்லை. பாஸ்போர்ட் முத்திரை, பேருந்து நிலையம், சாலைப் பலகை என்று எல்லாவற்றிலும் இருக்கின்றன. போஸ்னியாவில் ஊர்ப் பெயரை லத்தீன், சிரிலிக் (ரஷ்ய மொழிக்கு உள்ளது போன்ற எழுத்து, செர்புகள் பயன்படுத்துவது) என்று இரண்டு எழுத்திலும் எழுதியிருப்பார்கள். பல பலகைகளில் அதில் ஒன்றின் மேல் யாரோ கறுப்பு பெயிண்ட் அடித்திருப்பார்கள். எந்த எழுத்து அழிந்திருக்கிறது என்பதைப் பார்த்தே யார் பகுதிக்குள் நுழைந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம்.

விசா: ஒரு முறை நுழைவு என்னும் பொறி

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் இருக்கிறது. போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ, கொசோவோ எதுவும் அதில் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் மல்டிபிள் என்ட்ரி (பல முறை நுழையக்கூடிய) ஷெங்கன் விசா இருந்தால், குறிப்பிட்ட நாட்கள் வரை இந்த நாடுகள் தனி விசா கேட்பதில்லை. எத்தனை நாள் என்பது நாட்டுக்கு நாடு வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும். கிளம்புமுன் அந்தந்த நாட்டு வெளியுறவுத் துறை தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். இந்தியர்கள் விசா இல்லாமலே செர்பியா போகலாம் என்று இன்னும் பல வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்தச் சலுகை 2023 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது.

பெரிய தவறு சிங்கிள் என்ட்ரி விசாவோடு போவது. குரோஷியாவிலிருந்து "சும்மா ஒரு நாள்" மோஸ்தார் போனால் உங்கள் ஷெங்கன் நுழைவு அங்கேயே தீர்ந்தது. ஹோட்டலும் பெட்டியும் டுப்ரோவ்னிக்கில் இருக்கும், நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டுப்ரோவ்னிக் இருக்கும் பகுதி குரோஷியாவின் மற்ற பகுதியோடு நிலத்தால் ஒட்டவில்லை. நடுவே நேயும் என்ற ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டர் அளவுக்கு போஸ்னியாவின் கடற்கரை குறுக்கே வருகிறது. முன்பெல்லாம் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போக, நாட்டை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். 2022 ஜூலையில், போஸ்னியாவைத் தொடாமல் கடல் மேல் போகும் பெலியெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் நீங்கள் ஏறும் பேருந்து பாலம் வழியாகப் போகிறதா, நேயும் வழியாகவா என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். வாடகைக் காரில் போனாலும் ஃபோன் காட்டும் வழி எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொசோவோவும் முத்திரை வரிசையும்

கொசோவோ 2008 பிப்ரவரி 17 அன்று சுதந்திரம் அறிவித்தது. செர்பியா அதை இன்றுவரை ஏற்கவில்லை. அது தன் மாகாணம் என்பதே அவர்கள் நிலைப்பாடு. பயணிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். அல்பேனியா, வட மாசிடோனியா வழியாகவோ, கொசோவோ தலைநகர் பிரிஷ்டினாவின் விமான நிலையம் வழியாகவோ நீங்கள் கொசோவோவுக்குள் போனால், செர்பியாவின் பார்வையில் அவர்கள் அனுமதி இல்லாமல் அவர்கள் நாட்டுக்குள் புகுந்தவர் ஆகிவிடுவீர்கள். அங்கிருந்து நேராக செர்பிய எல்லைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடலாம். அதிகாரியோடு வாதாடி ஒன்றும் நடக்காது. வட மாசிடோனியா வழியாகச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும்.

எதிர்த்திசையிலும் சிக்கல் இருக்கிறது. செர்பியாவில் முத்திரை வாங்கி நுழைந்து, கொசோவோ போய், அப்படியே வட மாசிடோனியாவுக்கு வெளியேறினால், செர்பியாவை விட்டுப் போனதற்கான முத்திரை உங்களிடம் இருக்காது. அடுத்த முறை செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இறங்கும்போது கேள்வி வரலாம். செர்பியாவிலிருந்து போய் செர்பியாவுக்கே திரும்புவது ஒரு வழி. செர்பியாவை முழுதாக முடித்து முத்திரையோடு வெளியேறிவிட்டு, வேறு நாடு வழியாகக் கொசோவோ போவது இன்னொரு வழி.

இந்தியாவும் இலங்கையும் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை. அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால் ஓடிப்போய் நிற்க நம் தூதரகம் கிடையாது. பயப்பட வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட் நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து எங்கே நிற்கிறது?

போஸ்னியா ஒரே நாடுதான். ஆனால் போரை முடித்த 1995 டேட்டன் உடன்படிக்கை அதை உள்ளுக்குள் இரண்டு பெரிய பிரிவுகளாக வைத்திருக்கிறது. ஒன்று போஸ்னியாக்குகளும் (போஸ்னிய முஸ்லிம்கள்) குரோட்டுகளும் பெரும்பான்மையாக உள்ள கூட்டாட்சி, மற்றது செர்புகளின் ஸ்ர்ப்ஸ்கா. அந்தக் கோடு சரயேவோவின் ஓரமாகவே ஓடுகிறது. அதனால் ஊருக்கு இரண்டு பேருந்து நிலையங்கள். பெல்கிரேட் போகும் பேருந்துகள் பெரும்பாலும் நகரின் மைய நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை, கிழக்கு சரயேவோவில் லுகாவிட்சா என்ற இடத்து நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. மைய நிலையத்துக்குப் போய் நின்று, "அப்படி ஒரு பஸ்ஸே இல்லையே" என்ற பதிலைக் கேட்டு முழிக்கிறவர்கள் உண்டு. 103ஆம் எண் டிராலி பஸ்ஸில் டொப்ரின்யா கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் லுகாவிட்சா வந்துவிடும். நடுவில் சோதனைச் சாவடி எதுவும் இல்லை. கடைகளின் பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுவதை வைத்துத்தான் கோட்டைத் தாண்டியது தெரியும்.

பெல்கிரேடிலும் கவனம் தேவை. பேருந்து நிலையம் 2024இல் நியூ பெல்கிரேடுக்கு மாறிவிட்டது. பழைய வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போகாதீர்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுவதும் தவறுதான். சரயேவோவிலிருந்து பெல்கிரேட் 300 கிலோமீட்டர் அளவுதான், பேருந்தில் கிட்டத்தட்ட ஒரு பகல் போய்விடும். டுப்ரோவ்னிக்கிலிருந்து மாண்டினீக்ரோவின் கோட்டோர் 100 கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் எல்லையில் மணிக்கணக்கில் கார்கள் நிற்கும். ஷெங்கன் எல்லைகளில் இப்போது விரல்ரேகையும் புகைப்படமும் எடுக்கிறார்கள், அதற்கும் நேரம் விடுங்கள். டுப்ரோவ்னிக்குக்கு ரயிலே கிடையாது. ரயில் ஆசை இருந்தால் சரயேவோ–மோஸ்தார் பாதையில் போங்கள். இரண்டு மணி நேரம்தான், வழியில் நெரெத்வா ஆற்றோடு ஒட்டிப் போகும் அந்தப் பயணம் பேருந்தை விட எத்தனையோ மேல். பெட்டியை பஸ்ஸின் வயிற்றில் போட டிரைவர் தனியாகச் சில்லறை கேட்பார், அது ஏமாற்று இல்லை, அங்கே அதுதான் வழக்கம்.

பணம், ஃபோன், கார்

குரோஷியாவில் யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் மாண்டினீக்ரோவிலும் கொசோவோவிலும் யூரோதான். போஸ்னியாவில் மார்க், செர்பியாவில் தினார். போஸ்னிய மார்க்கின் மதிப்பு ஒரு யூரோவுக்கு 1.95583 என்று கட்டப்பட்டிருக்கிறது. சுற்றுலா ஊர்களில் இரண்டு மார்க்குக்கு ஒரு யூரோ என்று வாங்கிக்கொள்வார்கள், பெரிய நஷ்டமில்லை. மிச்சம் வரும் மார்க்கை மட்டும் வெளியே கொண்டுபோகாதீர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் அதை மாற்றுவது கடினம். ஏடிஎம்மில் "ரூபாயில் கணக்கிடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

குரோஷியாவில் வாங்கிய சிம் ஒன்றியத்துக்குள் மட்டும்தான் மலிவு. மோஸ்தார் போகும் வழியில் அது போஸ்னிய டவரைப் பிடித்தால் டேட்டா கட்டணம் கிடுகிடுவென ஏறும். எல்லைக்கு முன்பே ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

காரை வாடகைக்கு எடுத்தால் எந்தெந்த நாட்டுக்குள் ஓட்டலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். கொசோவோவுக்கு கிரீன் கார்டு (வெளிநாடுகளிலும் செல்லுபடியாகும் வாகனக் காப்பீட்டுச் சான்று) செல்லாது, எல்லையிலேயே தனியாகக் காப்பீடு வாங்க வேண்டும். வெளிநாட்டவர் தங்குமிடத்தைப் போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் செர்பியா, மாண்டினீக்ரோ, போஸ்னியா மூன்றிலும் இருக்கிறது. ஹோட்டலில் அவர்களே செய்துவிடுவார்கள். வீடு வாடகைக்கு விடுகிறவர் பல நேரம் கண்டுகொள்ள மாட்டார், நீங்கள்தான் கேட்டு அந்தச் சீட்டை வாங்கி வைக்க வேண்டும்.

கண்ணிவெடி பழைய கதை இல்லை

போஸ்னியாவில் இன்னும் அகற்றப்படாத கண்ணிவெடிகள் இருக்கின்றன. 2014 மே மாத வெள்ளத்தில் சில இடங்களில் மண்ணோடு வெடியும் நகர்ந்தது. நகரத்திலும் தார்ச்சாலையிலும் குறியிட்ட மலைப்பாதையிலும் கவலையில்லை. நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் புதருக்குள் ஒதுங்குவது. அங்கே அதைச் செய்யவே கூடாது. கூரையில்லாத பாழடைந்த வீட்டுக்குள் படமெடுக்க நுழைவதும் அதே ரகம்தான். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக இடம் சுத்தமானது என்று அர்த்தமில்லை. 1984 குளிர்கால ஒலிம்பிக்ஸின் பாப்ஸ்லெட் பாதை கிடக்கும் திரெபெவிச் மலைக்குக் கேபிள் காரில் தாராளமாகப் போகலாம், கூட்டம் நடக்கிற பாதையை விட்டு விலகாமல் இருந்தால் சரி.

போரைப் பார்க்கப் போவது

யாரும் மனசாரச் சொல்ல மாட்டார்கள், ஆனால் பாதிப் பேர் அங்கே போவது போரின் தடயத்தைப் பார்க்கத்தான். அதில் தப்பில்லை. பார்க்கிற விதத்தில்தான் தப்பு வருகிறது.

மோஸ்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1566இல் கட்டிய பழைய பாலத்தை 1993 நவம்பர் 9 அன்று குரோட் படைகள் குண்டுவீசித் தகர்த்தன. இப்போது நிற்பது 2004இல் திறந்தது. டுப்ரோவ்னிக்கிலிருந்து வரும் டூர் பஸ்கள் பதினொரு மணிக்குக் கூட்டத்தைக் கொட்டிவிட்டு மூன்று மணிக்கு அள்ளிக்கொண்டு போகும். அந்த நான்கு மணி நேரத்தில் பாலத்தின் மேல் கால் வைக்க இடமிருக்காது. ஓர் இரவு தங்குங்கள். பாலத்திலிருந்து பத்து நிமிடம் மேற்கே நடந்தால், போரின்போது முன்னணிக் கோடாக இருந்த புல்வார் சாலையில் துளைபட்ட கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. டூர் கூட்டம் அந்தப் பக்கம் வருவதேயில்லை. பாலத்தின் கைப்பிடியில் நின்று உள்ளூர் இளைஞர்கள் குதிப்பது போலப் பாவலா காட்டுவார்கள். போதுமான பணம் சேர்ந்தால்தான் உண்மையில் குதிப்பார்கள். இருபது மீட்டருக்கு மேல் உயரம், கோடையிலும் ஆற்றுநீர் ஜில்லென்று இருக்கும். நீச்சல் தெரியும் என்பதற்காக நீங்கள் முயற்சி செய்யாதீர்கள்.

சரயேவோவின் மார்க்காலே சந்தையில் இன்றும் தக்காளியும் வெங்காயமும் விற்கிறார்கள். 1994 பிப்ரவரி 5 அன்று ஒரே மோர்ட்டார் குண்டில் 68 பேர் இறந்தது இங்கேதான். பின்பக்கச் சிவப்புச் சுவரில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதன் முன்னால் பெரியம்மாக்கள் பையோடு விலை பேசிக்கொண்டிருப்பார்கள். காமிராவை அவர்கள் முகத்துக்கு நேராக நீட்டாமல், கால் கிலோ பழம் வாங்கிக்கொண்டு நின்று பாருங்கள். நடைபாதையில் குண்டு விழுந்த பள்ளங்களில் சிவப்புப் பிசின் ஊற்றியிருப்பதை 'சரயேவோ ரோஜா' என்கிறார்கள். அதன் மேல் செருப்பை வைத்துப் படமெடுத்துப் போடுவது எனக்கு அருவருப்பாகவே இருக்கிறது.

போரின்போது சரயேவோ முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் விமான ஓடுதளத்துக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் முழு நீளமும் நடக்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஏறத்தாழ 800 மீட்டரில் சிறு பகுதிதான் திறந்திருக்கிறது. நேரம் குறைவு என்றால் என் ஓட்டு போர்க்காலக் குழந்தைப் பருவ அருங்காட்சியகத்துக்குத்தான். அங்கே துப்பாக்கி எதுவும் இல்லை, குழந்தைகள் வைத்திருந்த பொருட்களும் அவர்களே சொன்ன கதைகளும்தான் இருக்கின்றன.

ஸ்ரெப்ரெனிட்சாவுக்கு அருகிலுள்ள பொட்டோச்சாரி நினைவிடத்துக்குப் போவதாக இருந்தால் அன்று வேறு எதையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். 1995 ஜூலையில் 8,000க்கும் மேற்பட்ட போஸ்னியாக் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சர்வதேச நீதிமன்றம் 2007இல் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. அந்த ஊர் ஸ்ர்ப்ஸ்கா பகுதியில் இருக்கிறது. அங்கே பல அரசியல்வாதிகள் அந்தச் சொல்லையே மறுக்கிறார்கள். திரினா ஆற்றின் மேல் உள்ள விஷெகிராட் பாலம் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அழகான ஒட்டோமான் பாலம். 1992இல் அதன் மேலேயே ஆட்களைக் கொன்று ஆற்றில் தள்ளினார்கள். அஞ்சல் அட்டை போன்ற படத்தோடு திரும்புகிறவர்களில் பலருக்கு அது தெரிவதில்லை. அந்த வட்டாரத்தில் ஒரு ஸ்பா ஹோட்டல் போரின்போது பெண்களை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்த இடமாக இருந்தது. அறை முன்பதிவு செய்யும் முன் ஊரின் பெயரோடு 1992 என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

ஒரே கைடு சொல்வதை முழு வரலாறாக எடுத்துக்கொள்வதும் கூடாது. 1999இல் கொசோவோ போரின்போது நேட்டோ செர்பியா மீது 78 நாட்கள் குண்டுவீசியது. பெல்கிரேடின் நடுவே சிதைந்த ராணுவத் தலைமையகத்தைக் காட்டி ஒரு கைடு அதை ஆக்கிரமிப்பு என்பார். பிரிஷ்டினாவில் அதே குண்டுவீச்சுக்கு நன்றியாக அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனுக்குச் சிலையும் தெருவும் இருக்கிறது. இரண்டு ஊரையும் பார்த்தால்தான் கதை பிடிபடும். முன்பின் தெரியாதவரிடம் "போரில் உங்கள் வீட்டில் யாராவது…" என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். காபி குடித்துக்கொண்டு சும்மா இருந்தாலே பலர் தாமாகப் பேசுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. சரயேவோவில் 'புரெக்' என்று கேட்டால் இறைச்சி வைத்ததுதான் வரும். சீஸ் வேண்டுமென்றால் 'சிர்னிட்சா', கீரைக்கு 'ஸெல்யானிட்சா', உருளைக்கிழங்குக்கு 'குரும்பிருஷா' என்று கேளுங்கள். பெல்கிரேடில் சீஸ் வைத்ததையும் புரெக் என்றே விற்பார்கள், அங்கே உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வரிசை எப்படி வைக்கலாம் என்று கேட்டால், மல்டிபிள் என்ட்ரி விசாவோடு ஸ்பிளிட்டில் தொடங்கி, பாலம் வழியாக டுப்ரோவ்னிக், அங்கிருந்து மோஸ்தார், ரயிலில் சரயேவோ, லுகாவிட்சாவில் ஏறி பெல்கிரேட். மாண்டினீக்ரோ வேண்டுமென்றால் பெல்கிரேடிலிருந்து பார் துறைமுகத்துக்கு 476 கிலோமீட்டர் மலை ரயில் இருக்கிறது. பகல் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். கொசோவோவைக் கடைசியில், செர்பியாவை விட்டு முத்திரையோடு வெளியேறிய பிறகு, மாண்டினீக்ரோ பக்கமிருந்து வைத்துக்கொள்ளுங்கள்.