மங்கி ஐலண்டில் இசை மட்டும் வரவில்லையா?

மங்கி ஐலண்ட் என்ற பழைய கணினி விளையாட்டை 1992 சிடியிலிருந்து காப்பி செய்து, பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் ஸ்கம்விஎம் (ScummVM) மென்பொருளில் ஓட்டினேன். படம், வசனம் எல்லாம் சரி, இசை மட்டும் இல்லை. மிடி (இசைக் குறிப்புகளை வைத்துக் கணினியே வாசிக்கும் முறை) அமைப்பில் அட்லிப், எம்டி-32 என்று பழைய ஒலிச் சாதனங்களை மாற்றிப் பார்த்தேன், ஸ்கம்விஎம்மை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், ம்ஹூம்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: கோப்புகளைக் கூட்டினால் சில எம்பிதான், ஆனால் அதே சிடியை பாட்டு ப்ளேயரில் திறந்தால் தடங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இந்தப் பதிப்பில் இசை கோப்பாகவே இல்லை, பாட்டு சிடி மாதிரி தனி ஆடியோ தடங்களாக இருக்கிறது. சாதாரண காப்பியில் அது வராது, மிடியை நோண்டியும் பயனில்லை.

தடங்களை ரிப் செய்து (சிடியிலிருந்து பிரித்தெடுத்து) ஓக் (ogg) என்ற ஆடியோ கோப்புகளாக்கி, ட்ராக் (track) என்பதோடு எண் சேர்த்துப் பெயரிட்டு, விளையாட்டு இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டேன். அப்பாடா, இசை வந்துவிட்டது. 1990 ஃப்ளாப்பி பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.