கமிஷன் சதவீதத்துக்கு முன்னால்: அஃபிலியேட் கூட்டாளியின் நேர்மையைச் சோதிப்பது எப்படி?

ஒரு கம்பெனியின் பொருளுக்கு நம் தளத்தில் லிங்க் கொடுத்து, அதன் வழியே யாராவது வாங்கினால் கமிஷன் பெறுவதுதான் அஃபிலியேட் தொழில். இதில் சரக்கும் விலையும் டெலிவரியும் ரீஃபண்டும் அடுத்தவர் கையில், அதாவது கூட்டாளியான அந்தக் கம்பெனியின் கையில். வாங்கியவர் ஏமாந்தால் திட்டு மட்டும் லிங்க் கொடுத்தவருக்கு வரும். அதனால் 4 சதவீதமா 40 சதவீதமா என்று பார்ப்பதற்கு முன்பே, அந்தக் கம்பெனி வாங்குபவரிடமும் உங்களிடமும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பகுதியை உட்கார்ந்த இடத்திலேயே சோதிக்கலாம்.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள். இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்கும் தளம் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடிப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ரீஃபண்ட் பற்றி ஒரு கேள்வி கேட்டு வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போடுங்கள். விற்பதற்கு முன்பே பதில் சொல்லாதவர்கள் விற்ற பிறகு சொல்லப்போவதில்லை. சேருவதற்கே கட்டணம் கேட்டு, ஆள் சேர்த்துவிட்டால் காசு என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அது பிரமிட் திட்டம்; 2021-இன் நேரடி விற்பனை விதிகள் அதைத் தடை செய்கின்றன.

அடுத்து, வாங்குபவராகப் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். பலரும் தவிர்க்கும் வேலை இது. பத்து நிமிடம்தான் ஆகும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டது. கேட்காத பொருளைக் கார்ட்டில் நுழைப்பது, ‘இன்னும் 2 தான் இருக்கிறது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சந்தாவை ரத்து செய்ய விடாமல் சுற்றலில் விடுவது, கடைசிப் பக்கத்தில் விலையை ஏற்றுவது எல்லாம் அதில் உண்டு. உதாரணத்துக்கு வெப் ஹோஸ்டிங்கை (இணையதளத்தை வைத்திருக்க இடம் தரும் சேவை) எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் மாதம் 79 ரூபாய் என்றிருக்கும். 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை என்பது கார்ட்டில் தெரியும்: 3,792 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4,475 ரூபாய். பேக்கப் சேவைக்கு முன்கூட்டியே டிக் போட்டிருப்பார்கள். புதுப்பிக்கும்போது என்ன விலை என்பது பொடி எழுத்தில் கிடக்கும். இந்தக் கணக்கை உங்கள் விமர்சனத்தில் அப்படியே எழுதப்போவதாக அந்தக் கம்பெனியின் அஃபிலியேட் மேனேஜரிடம் சொல்லுங்கள். ‘எழுதாதீர்கள்’ என்றால், யாரை ஏமாற்ற உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்பது விளங்கிவிடும்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: குக்கி (வந்தவர் உங்கள் லிங்க் வழியே வந்தார் என்று பிரவுசரில் பதியும் குறிப்பு) எத்தனை நாள், ஆர்டர் உறுதியாக எத்தனை நாள், எந்தக் காரணங்களுக்குக் கமிஷனை ரத்து செய்யலாம், எவ்வளவு சேர்ந்தால் பணம் அனுப்புவார்கள் (குறைந்தபட்சப் பேஅவுட்), கணக்கை மூடினால் சேர்ந்திருக்கும் தொகை என்ன ஆகும். கறாரான விதியையும் ஒளித்துவைத்த விதியையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். கிளிக் செய்த 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கார்ட்டில் சேர்த்தால்தான் கமிஷன் என்ற அமேசானின் வரம்பு கறார்தான், ஆனால் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வைத்துத் திட்டமிடலாம். ‘நிறுவனத்தின் முடிவே இறுதியானது’ என்ற ஒரே வரியில் ரத்து செய்யும் அதிகாரம் முழுவதையும் வைத்துக்கொள்பவரிடம் திட்டமிட ஒன்றுமில்லை. வெளிப்படையாக இருப்பவரும் விகிதத்தைக் குறைப்பார். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் மரச்சாமான் பிரிவுக் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆக்கியது. கொடுத்த அவகாசம் ஒரு வாரம். ஆகவே ஒரே கூட்டாளி உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

டிராக்கிங்கை, அதாவது விற்பனை உங்கள் லிங்கில் வந்ததாகப் பதிவாகிறதா என்பதைச் சோதிக்க, குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து உங்கள் லிங்கைக் கிளிக் செய்யுங்கள். டெவலப்பர் டூல்ஸில் ‘அப்ளிகேஷன்’ பகுதிக்குப் போய் குக்கிகளைப் பாருங்கள். காலாவதித் தேதி, சொன்ன நாளோடு பொருந்த வேண்டும். பொருந்தினாலும் பாதிக் கதைதான். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வைக்கும் குக்கிகளை ஐபோனின் சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். சில வகை லிங்குகளுக்கு ஒரே நாளில். ‘60 நாள் குக்கி’ என்று சொல்லி ஜாவாஸ்கிரிப்டை மட்டும் நம்பியிருந்தால் ஐபோன்காரர்களிடம் அந்த 60 செல்லாது. பிரவுசர் குக்கியை நம்பாமல் கம்பெனியின் சர்வரிலேயே பதியும் சர்வர் வழி டிராக்கிங் உண்டா என்று கேளுங்கள். மொபைலில் லிங்க் ஆப்புக்குத் தாவும்போது உங்கள் அடையாள எண் கூடவே போகிறதா என்றும் பாருங்கள். சோதனை ஆர்டர் போட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சொந்த லிங்கில் வாங்குவதைப் பல திட்டங்கள் தடை செய்துள்ளன. அனுமதியில்லாமல் போட்டால் தப்பு உங்கள் மேல் திரும்பும்.

கூப்பன் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது தள்ளுபடிக் குறியீடு தேடித்தரும் பிரவுசர் இணைப்புகளைப் பற்றியும் கேட்க வேண்டும். பேபாலின் ஹனி, பணம் கட்டும் கடைசி நொடியில் மற்ற அஃபிலியேட்களின் குறியீட்டை நீக்கிவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது என்ற குற்றச்சாட்டு 2024 டிசம்பரில் வெடித்து, வழக்குகள் வரை போனது. உங்கள் கூட்டாளி அத்தகைய எக்ஸ்டென்ஷன்களைச் சேர்த்திருக்கிறாரா, ஒரே ஆர்டரில் உங்கள் லிங்கும் எக்ஸ்டென்ஷனும் மோதினால் கமிஷன் யாருக்கு என்பதற்கு நேரான பதில் வேண்டும்.

முதல் 90 நாள் கணக்கு வையுங்கள். கிளிக்கை நீங்களும் தனியாக எண்ணுங்கள். பாட்களின் (தானாகக் கிளிக் செய்யும் புரோகிராம்கள்) கிளிக்கைக் கழிப்பதால் அவர்கள் டேஷ்போர்டில் குறைவாகத்தான் காட்டும். வித்தியாசம் ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை, திடீரென்று விரிந்தால் கேளுங்கள். 100 ஆர்டரில் 12 ரத்தானால் அந்த 12-க்கும் ஆர்டர் எண்ணும் காரணமும் வாங்குங்கள். துணிமணியில் ரிட்டர்ன் அதிகம். மென்பொருளில் அதே அளவு ரத்தானால் சந்தேகப்படலாம். அதிகம் விற்ற மாதத்தில் மட்டும் ரத்து கூடினால் சந்தேகம் வலுக்கும். கமிஷனிலிருந்து டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்ததாகச் சொன்னால், அது உங்கள் பான் எண்ணில் வந்து சேர்ந்ததா என்று வருமான வரித் தளத்தில் ஒவ்வொரு காலாண்டும் பாருங்கள். பிடித்த வரியை அரசுக்குக் கட்டாதவர் உங்கள் கமிஷனில் மட்டும் ஒழுங்காக இருப்பார் என்று நம்ப முடியாது.

கமிஷன் உறவை மறைக்கச் சொல்லும் கூட்டாளி வேண்டவே வேண்டாம். 2022-இன் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, வாசகர் எதிர்பார்க்காத பொருளாதாரத் தொடர்பை வெளிப்படுத்துவது கட்டாயம். நுகர்வோர் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. பரிந்துரைத்தவரும் அதில் அடக்கம். லிங்குக்கு முன்னாலேயே ‘இதன் வழியே வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் உண்டு’ என்று தமிழில் போட்டுவிடுங்கள்.

அவர்களும் உங்களைச் சோதிப்பார்கள். ஈபேயின் முன்னணி அஃபிலியேட்கள் இருவர், லிங்கைக் கிளிக் செய்யாத பார்வையாளரின் பிரவுசரிலும் அவருக்குத் தெரியாமல் குக்கியைத் திணித்துக் கமிஷன் பெற்ற குற்றத்துக்காக 2014-இல் அமெரிக்காவில் சிறைத் தண்டனை பெற்றார்கள். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று இந்த வித்தையைச் சொல்லித்தர வரும் நெட்வொர்க் மேனேஜர்களும் (கம்பெனிகளையும் அஃபிலியேட்களையும் இணைக்கும் இடைத்தரகு நிறுவனத்தார்) இருக்கிறார்கள். பிடிபட்டால் முதலில் கைவிரிப்பவர்களும் அவர்களே.

வெளியேறும் வழியை முதல் நாளே அமைத்துவிடுங்கள். திட்டத்தின் விதி அனுமதித்தால் லிங்குகளை உங்கள் தளத்தின் ரீடைரக்ட் முகவரி (கிளிக் செய்தவரைக் கம்பெனிப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் முகவரி) வழியாக விடுங்கள். 200 பதிவுகளில் இருக்கும் லிங்கை ஒரே இடத்தில் மாற்றலாம். சிக்கல் வந்தால் முதலில் டேஷ்போர்டு அறிக்கைகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மூடிய பிறகு உள்ளே போக முடியாது. பிறகு லிங்கை மாற்றுங்கள். நிலுவைத் தொகையை ஆர்டர் எண்களோடு மெயிலில் கேளுங்கள். பழைய பதிவுகளில் ஏன் பரிந்துரையை எடுத்தீர்கள் என்று தேதியோடு ஒரு வரி போடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் ரீஃபண்ட் கேட்க அது உதவும்.