பக்கத்து வீட்டுத் தொல்லை: மனு எழுதும் முன் நாம் செய்யும் தவறுகள்

கோத்தகிரியில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு எட்டு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது எழுதி வைத்த மனுவோடு வீட்டுக்கு வருவார்கள். ஸ்டேஷனில் கொடுக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்பார்கள். பாதி மனுக்கள் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "எங்கள் பகுதியில் சமூக விரோதிகளின் தொல்லை அதிகமாக உள்ளது."

தவறு அந்த முதல் வரியிலேயே தொடங்கிவிடுகிறது. சமூக விரோதி என்பது ஆளுக்கு நாம் வைக்கும் பெயர். விசாரிக்க வருபவருக்குத் தேவை அந்த ஆள் செய்த காரியம். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், யாருக்கு என்ன பாதிப்பு? இது எதுவும் இல்லாமல் அவர் மோசமானவர் என்று நான்கு பக்கம் எழுதினாலும், அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சட்டத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் சொல் பொதுத் தொல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆவது பிரிவு அதை விளக்குகிறது. பொதுமக்களுக்கோ, அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கோ பொதுவாகத் தீங்கு, ஆபத்து, தொந்தரவு உண்டாக்கும் செயல் என்பது அதன் சாரம். "பொதுவாக" என்ற சொல்தான் இங்கே முக்கியம். உங்கள் வேலிக் கல்லை அவர் அரை அடி தள்ளி நட்டார் என்றால் அது உங்கள் இருவருக்கும் நடுவிலான இடப் பிரச்சினை. அதற்கு நில அளவையரும் சிவில் கோர்ட்டும் இருக்கிறார்கள். பொதுத் தொல்லை என்றே முடிவானாலும் 292ஆவது பிரிவில் 1000 ரூபாய் வரைதான் அபராதம். ஆளை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து மனு எழுதுகிறவர்களுக்கு இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அடுத்தது, மனிதர்கள் வாழ்கிற சத்தத்தையே தொல்லை என்று எடுத்துக்கொள்வது. தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சுவர்தான். குழந்தை அழும், காலை ஐந்து மணிக்கு மிக்ஸி ஓடும். தண்ணீர் விடும் நாளில் விடிவதற்கு முன்பே டிரம் உருளும். இதெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும்தான். ஆனால் வேண்டுமென்றே செய்வதில்லை, செய்யாமல் இருக்கவும் முடியாது. ஒரு வீட்டுக்காரர் டிவி சத்தத்துக்காக மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டேன், சொல்லவில்லை. அன்று மாலையே நானும் கூடப் போனேன். அவர்கள் டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றி மாட்டினார்கள், அத்தோடு முடிந்தது.

மலையில் சத்தத்துக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றில்லாத குளிர்ந்த இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தங்கிவிடும், அதற்கு மேலே வெப்பமான காற்று இருக்கும். மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே திரும்புவதால், எதிர்ச் சரிவில் அடிக்கிற டிரம்ஸ் நம் வாசலில் அடிப்பது போலக் கேட்கும். கீழ்வீட்டுப் பையன்கள்தான் தினமும் பாட்டுப் போடுகிறார்கள் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தால் அங்கே விளக்கே எரியவில்லை. சத்தம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு காட்டேஜிலிருந்து வந்தது. எந்த வீடு என்று காதை மட்டும் நம்பி எழுதாதீர்கள், நடந்து போய்ப் பாருங்கள்.

சத்தத்துக்குக் கணக்கும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினாலும், இரவுக் கட்டுப்பாடுகளை மீறினாலும் புகார் கொடுக்கலாம். ஆனால் திருவிழாக்களுக்காக அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை ஒலிபெருக்கிக்குத் தளர்வு கொடுக்க முடியும். அன்றைக்கு அப்படி அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இனி சொல்லப்போவது நானே செய்த தவறு. எங்கள் தெருக் கடைசி வீட்டுக்கு ஜார்க்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்த ஆறு பேர் குடிவந்தார்கள். இரவில் கும்பலாக உட்காருகிறார்கள், சத்தமாகப் பேசுகிறார்கள், தீ மூட்டுகிறார்கள் என்று ஒரு மனு தயாரானது. பதினெட்டுக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது. விசாரிக்க வந்த எஸ்.ஐ. எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இதையே உங்க வீட்டுப் பசங்க செஞ்சா மனு கொடுப்பீங்களா?" யாருக்கும் பதில் வரவில்லை. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே அறை. டிசம்பர் குளிரில் வாசலில் விறகு மூட்டி உட்காராமல் வேறு என்ன செய்வார்கள்? நாங்களும் அதே குளிரில் எங்கள் வாசலில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. இப்போது எந்த மனு வந்தாலும் அந்த எஸ்.ஐ.யின் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். செயலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அவர்களுடைய மொழி, சாதி, சமையல் வாசனை மட்டும்தான் என்றால் அந்த மனுவைப் படித்துத் திருத்தித் தர மாட்டேன்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அடிபட்டு அலறுகிறாள், நாம் "குடும்பச் சண்டை, நமக்கு எதுக்கு" என்று டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம். இதைத் தொல்லையா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டு உட்காரக் கூடாது, இது குற்றம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, நடப்பதாக நம்பக் காரணம் இருக்கும் யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடனே ஆள் வர வேண்டுமென்றால் 112. அதேபோல் மிரட்டுவது, பெண்ணைப் பின்தொடர்வது, நடைபாதையை மறித்து நிற்பது போன்றவற்றுக்கு ஊர் முழுக்கப் பாதிக்கப்பட வேண்டியதில்லை. ஒருவருக்கு நடந்தாலே புகார் கொடுக்கலாம்.

சின்ன விஷயம் என்று தள்ளிவிடும் இரண்டு காரியங்கள் மலையில் சின்ன விஷயமே இல்லை. ஒன்று, மேல்வீட்டுக் கழிவுநீர். சமவெளியில் அது நாற்றத்தோடு போய்விடும். இங்கே அது மண்ணுக்குள் இறங்கி, கீழ்வீட்டுத் தடுப்புச் சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைப் பார்த்த யாரும் ஊறிய மண்ணை அலட்சியமாகப் பேச மாட்டார்கள். இன்னொன்று, சமையல் கழிவைச் சரிவில் கொட்டுவது. கொட்டுகிறவர் வீட்டுக்கு மட்டும் கரடி வருவதில்லை, டியூஷன் முடிந்து பிள்ளைகள் வரும் படிக்கட்டுக்கும் வருகிறது. இவை இரண்டும் பொதுத் தொல்லைக்குச் சரியான உதாரணங்கள். பலர் சேர்ந்து கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் அதை அகற்றச் சொல்லி உத்தரவிட முடியும். எங்களுக்குக் குன்னூர் கோட்டாட்சியர்.

அப்புறம், பதிலுக்குப் பதில் செய்யாதீர்கள். அவர் வடிகாலை நீங்கள் சிமென்ட் போட்டு அடைத்தால் நாளைக்கு மனுவில் இருப்பது உங்கள் பெயர். நிழல் விழுகிறது என்று பக்கத்து மரத்தை ஆள் வைத்து வெட்டவும் கூடாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது, அனுமதி வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இது தொல்லைதான் என்று தோன்றினால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் தேதி, மணி, நடந்தது என்று ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி எழுதுங்கள். கோபத்தை அதில் எழுத வேண்டாம். இடையில் ஒன்றும் நடக்காத நாட்களையும் குறியுங்கள், அதைப் பார்த்தால்தான் மற்றதை நம்புவார்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்ததும், அதைப் பதிவேட்டில் ஏற்றியதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். பேசித் தீர்த்துக்கொள்ளும் மனநிலை இரண்டு பக்கமும் இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். இலவச சட்ட உதவி எண் 15100. எங்கும் அசைவில்லை என்றால், திங்கட்கிழமை ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். போகும்போது அந்த நோட்டையும் ரசீது நகலையும் கையோடு கொண்டுபோங்கள்.