ரெஃப் தருவது எண் அல்ல: லேடெக்கில் கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் சில விவசாயிகள் சேர்ந்து பாரம்பரிய நெல் ரகங்களுக்கு ஒரு கையேடு கேட்டார்கள். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் "இப்பகுதி இத்தனை பக்கம், இத்தனை ரகம்" என்று வர வேண்டும். நடுவில் ஒரு ரகம் சேர்ந்தாலும் எண்ணெல்லாம் தானே மாறட்டும் என்று, கட்டளைகள் எழுதி ஆவணத்தை அச்சுக்குக் கோக்கும் லேடெக்கில் கோத்தேன். முதல் மெய்ப்பில் சம்பாவுக்கு "1 பக்கம்" என்று நின்றது. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மட்டுமே அதில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

இந்த வேலையில் எல்லாரும் முதலில் இடறும் இடம் ரெஃப் கட்டளைதான். ஓர் இடத்துக்கு லேபிள் என்று ஒரு பெயர் கொடுத்துவிட்டால், அதன் எண்ணை வேறோர் இடத்தில் காட்டுவது இது. திரையில் 12 என்று வருவதால் அது எண் என்று நம்பி, எண்ணியின் (கவுன்ட்டர்) மதிப்பை அமைக்கும் செட்கவுன்ட்டருக்குள் அப்படியே வைத்துவிடுகிறோம். உடனே "மிஸ்ஸிங் நம்பர், ட்ரீட்டட் ஆஸ் ஸீரோ" என்று பிழை வரும். ரெஃப் என்பது பக்கத்தில் எழுத்தை அச்சடிக்கச் சொல்லும் ஏவல். கணக்குப் போடும் இடத்தில் அது எண்ணாக விரியாது. எண்களைச் சொடுக்கும் இணைப்புகளாக்கும் ஹைப்பர்ரெஃப் தொகுப்பையும் சேர்த்துவிட்டால் உள்ளே இன்னும் சிக்கல். இதற்கென்றே ரெஃப்கவுன்ட் என்ற தொகுப்பு இருக்கிறது. அதன் கெட்ரெஃப்நம்பர், கெட்பேஜ்ரெஃப்நம்பர் என்ற இரண்டு கட்டளைகளும் லேபிளுக்குள் பதிந்திருப்பதை மட்டும் எடுத்துத் தரும். கணக்குக்கு எப்போதும் இவைதான்.

இவற்றிலும் ஒரு கண்ணி உண்டு. எனக்கு "1 பக்கம்" வந்தது அதனால்தான். ஆவணத்தை லேடெக்கில் ஒருமுறை ஓட்டும்போது லேபிளின் மதிப்பு துணைக் கோப்பில் எழுதப்பட்டு, அடுத்த ஓட்டத்தில்தான் படிக்கப்படும். கல்லணையில் திறந்த அன்றே கடைமடை வயலில் தண்ணீர் நிற்காது, அதுபோல. வெறும் ரெஃப் என்றால் முதல் ஓட்டத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கெட்பேஜ்ரெஃப்நம்பரோ சத்தமில்லாமல் 0 தரும். கடைசிப் பக்கம் 0, முதல் பக்கம் 0, கழித்து ஒன்று கூட்டினால் 1. நம்பும்படியான தப்பு, அதனால்தான் ஆபத்தானது. கணக்குப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் அதே லேபிளுக்கு ரெஃப்யூஸ்ட் கட்டளையையும் எழுதிவிடுங்கள். லேபிள் இல்லையென்றால் எச்சரிக்கை வரும். லேபிள்கள் மாறியிருக்கலாம் என்ற செய்தி பதிவுக் கோப்பிலிருந்து போகும்வரை ஓட்டுங்கள்.

அந்த "ஒன்று கூட்டினால்" என்பதையும் விட்டுவிடக் கூடாது. 13-ஆம் பக்கம் முதல் 40-ஆம் பக்கம் வரை 28 பக்கம், 27 அல்ல.

அடுத்தது, அச்சில் தெரியும் உருவத்தைக் கணக்குக்குக் கொடுப்பது. உட்பிரிவு 3.2-இன் லேபிளை எடுத்து எண்ணியில் வைத்தால் பிழை எதுவும் வராது. எண்ணி 3 ஆகிவிடும், மிச்சமிருக்கும் ".2" பக்கத்தில் எங்கோ முளைக்கும். முன்னுரைப் பக்கங்கள் ரோமன் எண்ணில் இருந்தாலும், இணைப்புகள் அ, ஆ என்று போனாலும் கழித்தல் நடக்காது. நம் ஆட்கள் ஆசையாக அத்தியாயங்களுக்கு ௧, ௨ என்று தமிழ் எண் போடுவார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் லேடெக்குக்கு அடித்தளமான டெக் 0 முதல் 9 வரையிலான எண் குறிகளைத்தான் எண்ணாக வாசிக்கும். ௧ அதற்கு ஓர் எழுத்து. நான் செய்வது இது: பார்வைக்கு வராத ஓர் எண்ணியை வைத்து, ஒவ்வொரு ரகத்துக்கும் ரெஃப்ஸ்டெப்கவுன்ட்டரால் அதை ஒன்று ஏற்றி, உடனே தனி லேபிள் போட்டுவிடுவேன். கணக்கெல்லாம் அந்த லேபிளில். அச்சில் என்ன உருவம் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஏற்றுவதற்கு வெறும் கூட்டல் கட்டளையான ஆட்டுகவுன்ட்டரைப் பயன்படுத்தாதீர்கள். அது மதிப்பை மாற்றும், ஆனால் லேபிளுக்குச் சேதி போகாது; லேபிள் முந்தைய தலைப்பின் எண்ணையே பிடித்துக்கொள்ளும். படத்தின் கேப்ஷனுக்கு முன்னால் லேபிள் போட்டாலும் இதே கதிதான்.

இதே ஆவணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணியின் மதிப்பு வேண்டுமென்றால் வேல்யூ கட்டளை போதும், லேபிளே வேண்டாம். பக்க எண் மட்டும் விதிவிலக்கு. டெக் பத்தியை முழுதாகச் சேர்த்த பிறகுதான் பக்கத்தை வெட்டுகிறது. பத்தி நடுவே பக்க எண்ணியைக் கேட்டால், அந்த வரி அடுத்த பக்கத்துக்குப் போனாலும் பழைய எண்ணே வரும். பக்கத்துக்கு லேபிள்தான் நம்பகம்.

வகுத்தலில் நிதானம் வேண்டும். டெக்கின் பழைய டிவைட் கட்டளை மீதியை வெட்டிவிடும்: 45-ஐ 2-ஆல் வகுத்தால் 22. பின்னால் டெக்கின் விரிவாக்கமான ஈ-டெக் கொண்டுவந்த நம்எக்ஸ்பர் வெட்டாமல் அருகிலுள்ள முழு எண்ணாக்கும்: அதே கணக்குக்கு 23. ரகப் பட்டியலை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்தபோது ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலந்து எழுதி, ஒரு ரகம் இரண்டு வரிசையிலும் வந்துவிட்டது. நம்எக்ஸ்பரில் கீழ்நோக்கிய பாதி வேண்டுமென்றால் முதலில் 1 கழித்துவிட்டு 2-ஆல் வகுங்கள். 45-க்கும் 44-க்கும் 22 சரியாக வரும். நம்எக்ஸ்பர் கணக்கின் முடிவில் ரிலாக்ஸ் கட்டளை போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பின்னால் வரும் இலக்கத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.