கற்பனை மொழிச் சொற்களுக்கு வேர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோடு என்னும் பெயரை ஈரமான மண்டையோட்டுக் கதையோடு சேர்த்துச் சொல்வோரும், பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் ஆகிய இரண்டு ஓடைகளிலிருந்து வந்தது என்போரும் நம் கொங்கு நாட்டில் உண்டு. ஊர்ப்பெயருக்கு வேர் தேடிப் பழகிய இந்த ஆர்வம், ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தம் கதைகளுக்காகப் புனைந்த மொழிகளின் பக்கம் திரும்பும்போது சில இடங்களில் சறுக்கிவிடுகிறது.

ஒலி ஒத்திருப்பதைக் கண்டதும் உறவு இருப்பதாக முடிவுகட்டுவது முதல் தவறு. அவர் புனைந்த மொழிகளில் ஒன்றான குவென்யாவில் ‘தால்’ என்றால் பாதம். நம் ‘தாள்’ நினைவுக்கு வருவதும், உடனே தமிழ்த் தொடர்பைப் பற்றிப் பேசத் தோன்றுவதும் இயல்பே. ஆனால் அதே மொழியில் ‘அன்னா’ என்பதற்குப் பரிசு என்று பொருள்; அன்னைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு பொருந்தாததை விட்டுவிட்டால், எந்த மொழியையும் எந்த மொழிக்கும் உறவாக்கிவிடலாம்.

இதைவிடப் பெரிய தவறு, கதைக்குள் ஒரு சொல்லுக்குச் சொல்லப்படும் பிறப்பையும், அச்சொல் ஆசிரியரின் மனத்துக்குள் வந்த வழியையும் ஒன்றாகக் குழப்புவது. அவர் கதையின் கொடியவனான ‘சௌரான்’ பெயர் பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகச் சிலர் கருதியபோது, டோல்கீன் 1967இல் எழுதிய ஒரு கடித வரைவில் அதை மறுத்து, அருவருக்கத்தக்கது என்னும் பொருளுடைய தம் மொழியின் வேரையே காட்டினார். ஆனால் ‘எயாரெண்டில்’ என்னும் இன்னொரு கதைமாந்தரின் பெயரைப் பழைய ஆங்கிலக் கவிதையொன்றிலிருந்து எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு அது தம் மொழியில் இயல்பாக அமர்வதற்காகக் கடல், அன்பு என்னும் பொருளுடைய கூறுகளை அதற்கு வகுத்தார். ஆகவே இவ்விரண்டில் எது உண்மை என்று சண்டையிடுவதில் பயனில்லை. எந்தப் பிறப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காலத்தைக் கவனியாமல் அகராதியைப் புரட்டுவதும் தவறே. டோல்கீன் 1930களில் தொகுத்த வேர்ப்பட்டியலில் ‘நோல்டோரின்’ என்றிருந்த மொழிதான் பிற்காலத்தில் வேறு வரலாறு பெற்றுச் ‘சிந்தாரின்’ ஆயிற்று. ஆகவே அந்தப் பட்டியலின் சொல்லை அப்படியே சிந்தாரின் சொல்லாகக் கொள்ள முடியாது.

எல்லாச் சொல்லுக்கும் பழைய வேர் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. 2015இல் வெளியான பாகுபலி படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியில் ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ. கன்னடம் புழங்கும் தாளவாடிப் பக்கத்து வாசகருக்கு ‘உங்கள்’ என்று பொருள்படும் ‘நிம்ம’ என்னும் கன்னடச் சொல் சட்டென்று நினைவுக்கு வரலாம். ஆனால் ‘மின்’ என்பதன் ஒலிகளைத் திருப்பிப் படித்தாலே ‘நிம்’ வந்துவிடுகிறது.